வீராசாமியின் சிவப்புக் கல்

வர வர ஜனங்களுக்குப் புத்தி மழுங்கித்தான் போய்விட்டது என்று வீராசாமி நினைத்தார். பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று எட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கல்லைப் பார்க்க மட்டும் வேன் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்!

வேன் அவருடையது. அதில் இன்று பெரும்பாக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினேழு பேர். பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் பச்சைமலை என்று மூன்று இடங்களில் பாறை காட்டப்போகிறவர் ஹேமாவதி மிஸ்.

பல்லாவரத்தில் வண்டி மேட்டில் நின்றது. வீராசாமி கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். கைபிரேக்கை அவர் நம்புவதில்லை. பொதுவாக அவர் எதையும் நம்புவதில்லை. அந்தக் கல்லை மட்டும் பதினோரு வருஷமாக நம்பினார்.

"இந்தப் பாறைக்கு வயசு சுமார் இருநூற்றைம்பது கோடி வருஷம்!" என்றார் ஹேமாவதி மிஸ். "தண்ணி ஊத்திப் பாருங்க, நீலமா தெரியும். தொடலாம். ஆனா ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது."

பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் பாறையைச் சூழ்ந்துகொண்டார்கள். வீராசாமியை யாரும் கூப்பிடவில்லை. டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். எதிர்ப்பக்கம் ஒரு சிறுமியும் தனியாக நின்றிருந்தாள். அவள் பெயர் துர்கா. பள்ளியில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. வேனின் கடைசி சீட்டிலும் அவள் மட்டும்தான்.

பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட்டது. பிள்ளைகள் அவசரமாக ஏற, வேன் புறப்பட்டது.

திரிசூலத்திலும் மேடுதான். வீராசாமி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், "ஏ பொண்ணு, உன் சீட்டாண்ட கல்லு கீது பாரு. எட்தா" என்றார்.

துர்கா குனிந்து பார்த்தாள். "இங்க இல்லியே தாத்தா."

"இல்லியா? அங்க நீ ஒருத்திதானே குந்திக்கினு இருந்தே! எங்க வெச்சே?"

"அண்ணா, பார்க்காம சொல்லாதீங்க" என்றார் ஹேமாவதி மிஸ். "இங்கதான் எவ்ளோ கல்லு கிடக்குது, ஒண்ணை வெச்சுக்கலாமே?"

"நீங்கதானம்மா ஒரு துண்டுகூட எடுக்காதேன்னீங்க? பழக்கமில்லாத கல்ல நம்பிப் புள்ளைங்கள எறக்கமாட்டேன். என் கல்லு வரணும். இல்லாங்காட்டி வண்டி வூட்டுக்குத்தான்."

பிள்ளைகள் முகம் வாடியது. "எடுத்திருந்தா குடுத்துடு. உன்னால எங்க டூரே போச்சு" என்றான் சூர்யா. மற்றவர்களும் துர்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீராசாமி கண்ணாடியில் பார்த்தார். துர்கா அழவில்லை. பையை அப்படியே சீட்டில் கொட்டினாள். டிபன் பாக்ஸ், நோட்டு, தண்ணீர் பாட்டில். கல் இல்லை.

"தாத்தா, தண்ணி லாரி ஹாரன் அடிச்சப்போ நீங்க இன்னா பண்ணீங்க?"

"டீய வெச்சுட்டு ஓடியாந்து வண்டிய எடுத்தேன்."

"நடுவுல கல்ல எடுத்தீங்களா?"

வீராசாமி கடைசி சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "எடுத்திருப்பேன்" என்றார் மெதுவாக.

"போய்ப் பார்த்துடலாம் தாத்தா."

மறுபடி பல்லாவரம் வந்து, சமதரையாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். மேட்டோரம் முழுக்க கற்கள். லாரிகள் கிளப்பிய புழுதியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"இதுல எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றான் சூர்யா.

துர்கா தன் பாட்டிலைத் திறந்து ஒரு கல்லின்மேல் ஊற்றினாள். நீலம். அடுத்ததும் நீலம். மூன்றாவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் காலிப் பாட்டிலுடன் நின்றாள்.

"இந்தா" என்று அனுப்பிரியா தன் பாட்டிலை நீட்டினாள். சூர்யாவும் தலையைச் சொறிந்துகொண்டே தன்னுடையதைக் கொடுத்தான்.

நீலம். நீலம். ஏழாவது கல், புழுதி வழிந்தோட, சிவப்பாகச் சிரித்தது.

"இது மட்டும் வேற எங்கிருந்தோ வந்த கல்லு" என்றாள் துர்கா. "அதான் தனியா தெரியுது."

வீராசாமி கல்லை வாங்கித் துண்டால் துடைத்தார். "லாரிக்காரன் தட்டிவுட்டிருப்பான். நான் மறக்கற ஆளு இல்ல." பிறகு, "பொண்ணு, முன்சீட்டு காலியாத்தான் கீது. வேணும்னா வந்து குந்து" என்றார்.

"அவ எங்ககூட உட்காரப்போறா, தாத்தா!" என்று அனுப்பிரியா துர்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வீராசாமி முன்சீட்டில் கல்லை வைத்துக்கொண்டார்.

மறுபடியும் திரிசூலம். சக்கரத்துக்குக் கல் வைத்தாயிற்று. இந்த முறை துர்கா கூட்டத்தின் நடுவில் நின்றாள். அங்கிருந்தே கத்தினாள்: "தாத்தா, நீங்களும் வாங்க!"

அவர் சந்தேகத்தோடு வந்தார். துர்கா பாறையில் தண்ணீர் ஊற்றினாள். மழைமேகம் போல நீலம் பரவியது. வீராசாமி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா இருநூத்தம்பது கோடி வருசமாம்! எவன் கூட இருந்து எண்ணுனான்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் வேனை நோக்கி நடந்தார்.

"கிளம்பறப்போ கல்ல மறந்துடாதீங்க தாத்தா!"

"நான் எப்ப மறந்தேன்?" என்றார் வீராசாமி, திரும்பிப் பார்க்காமலே.