மீதித் தூரம்

விமானம் எங்கேயும் இறங்கவில்லை. அதுதான் தேவிகாவுக்கு முதலில் பிடிபடாமல் இருந்தது. கொழும்பிலிருந்து ஒஸ்லோவுக்கு நேர் விமானமே கிடையாது. டோகாவில் இறங்கி, மணிக்கணக்காகக் காத்துக்கிடந்து, வேறு விமானம் ஏறி, ஒரு முழு நாளைத் தின்றுவிடும் பயணம் அது. கணவன் வரும் விமானம் என்று கைபேசித் திரையில் ஊரும் இந்தச் சின்னப் படமோ டோகாவைக் கவனிக்காமல் தாண்டி, இப்போது போலந்துக்கு மேலே நின்றது. விசர்க் கைபேசி என்று திட்டினாள்.

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் மார்கழி மாதம் பின்னேரம் நாலரை மணிக்கே கும்மிருட்டு. ஏழாம் மாடி வீட்டுக்குள் வெப்பக் குழாய்கள் முனகுவதும், சுவருக்கு அப்பால் மின்தூக்கி இரைந்து ஏறி இறங்குவதும், சன்னல் இடுக்கால் குளிர் ஊதுவதும் ஒன்றாகச் சேர்ந்து, யாரோ மூச்சுவிடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தன. உள்ளறையில் மூன்று வயது மிதுனா தூங்கினாள்.

கணவன் சற்குணம் திருகோணமலைக்குப் போனது அவனுடைய அக்கா தக்ஷாயினியின் செத்தவீட்டுக்கு. தக்ஷாயினி மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. மிதுனா பிறந்த நாளிலிருந்து தொலைபேசியில் அவளுக்கு ஒரே கதைதான். "பிள்ளையை எனக்குத் தா. உனக்கு இன்னொண்டு பிறக்கும்தானே." தேவிகா அவளை மனதார வெறுத்தாள். வெறுப்பை மறைக்கத்தான் செத்தவீட்டன்று அப்படி அழுதாள். சற்குணம் கைபேசியைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிடிக்க, அங்கே பெண்கள் ஒப்பாரி வைக்க, சனம் குறை சொல்லக்கூடாதே என்று இவளும் இங்கிருந்து ராகம் இழுத்தாள்.

"பிள்ளையைக் கேட்டியளே மச்சாள். வந்து தூக்கிக்கொண்டு போங்கோ மச்சாள்."

ஒப்பாரியில் செத்தவர்களை எல்லாரும்தான் கூப்பிடுகிறார்கள். அதை நம்பி யார் வெளிக்கிட்டு வருவார்கள்?

கைபேசி அடித்தது. சற்குணம்.

"தேவி, நான் இன்னும் கட்டுநாயக்கா எயார்போட்டிலைதான் நிக்கிறன். பிளேன் பழுதாம். நாளைக்குத்தான் ஏத்துவாங்களாம்."

"அப்ப இதிலை வாறது என்ன?"

"எதிலை? என்னப்பா, விளங்கக் கதையும்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். திரையில் மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்தது. பால்டிக் கடல். சுவீடன். ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையம்.

நிற்கவில்லை. ஓடுபாதையைத் தாண்டியது. நெடுஞ்சாலையைத் தாண்டியது. புருசெத் பக்கம் திரும்பியது.

சுவருக்கு அப்பால் மின்தூக்கி ஏறத் தொடங்கியது. தேவிகா ஓடிப்போய்க் கதவைப் பூட்டினாள், சங்கிலியை மாட்டினாள், முதுகால் கதவை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"வராதை. பிள்ளை என்ரை."

மின்தூக்கி நிற்காமல் மேல்மாடிக்குப் போய்விட்டது. காலடிச் சத்தம் இல்லை. அவள் மூச்சு விட்டாள்.

அப்போதுதான் மணந்தது. பன்னீர். வாடிய பூ. பிணத்துக்கு ஏற்றும் மருந்து. கதவுப் பக்கமிருந்து அல்ல.

வானத்தால் வருபவளுக்கு மின்தூக்கி எதற்கு?

உள்ளறைக்கு ஓடியவள் வாசலிலேயே விறைத்துப்போய் நின்றாள். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு மேலே, ஆளுயரத்தில், மிதுனா தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம், அங்கே இல்லாத ஒரு தோளில் சாய்ந்திருந்தது. கைகள், அங்கே இல்லாத ஒரு கழுத்தைக் கட்டியிருந்தன. ஏதோ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது; ஒவ்வொரு தட்டுக்கும் சட்டை அமுங்கி எழுந்தது.

சன்னல் திறந்திருந்தது. ஒரு பெண்ணின் நடைக்கேற்ப மெல்ல அசைந்தபடி, பிள்ளை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.