மழைக்குக் காத்திருந்தவர்

கோவில்பட்டியில் எடுத்த வாடகைக் கார் நாகலாபுரத்தைத் தாண்டியதும் உமாராணி கண்ணாடியை இறக்கிவிட்டாள். அனல் முகத்தில் அடித்தது. சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை கரிசல். பருத்திச் செடிகளைப் பிடுங்கிய பிறகு வெறுமனே கிடந்த புஞ்சைகள் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"எறங்கி நடந்தா காலப் பாத்து வைங்க மேடம்" என்றார் ஓட்டுநர். "போன வருசம் ஒரு ஆட்டுக்குட்டி வெடிப்புக்குள்ள போயிட்டு. கத்துத சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்கன கெடக்குன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல."

உமாராணி மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவள். அங்கே ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறாள். போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் அவள் தெருவில் நாய்கள் வரிசையாகச் செத்து விழுந்தபோது விஷம் வைத்த ஆளை வீடு வீடாகக் கேள்வி கேட்டே பிடித்தவள் அவள்தான். பதில் கிடைக்காத கேள்வி அவளைத் தூங்கவிடாது. இப்போது அவளைக் கடல் தாண்டி இங்கே இழுத்து வந்திருப்பதும் அப்படி ஒரு கேள்விதான்.

அவளைத் தோளில் தூக்கி வளர்த்த தாத்தா காசிராஜன் இந்த ஊர்க்காரர். எழுபது வருடங்களுக்கு முன்பு கப்பலேறி மலாயா போனவர். அங்கேதான் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி முத்துமாரியம்மாள் ஊரிலேயே செத்துப்போனாள் என்றுதான் ஈப்போவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். தாத்தா இறந்து வெகுநாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வேறு கதை சொன்னார். முத்துமாரி சாகவில்லை, வளையல்காரனோடு ஓடிப்போனாள் என்றார்.

ஓடிப்போனவளா, செத்துப்போனவளா? அவளை யாரோ கொன்றுவிட்டு, ஓடிப்போனதாகக் கதை கட்டியிருக்க வேண்டும் என்று உமா நினைத்தாள். தாத்தா அந்தத் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் சுமந்திருக்கிறார். அந்தக் கொலைகாரனின் பெயர் அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஊருக்கு வெளியே தனியாக நின்ற ஒரு சுண்ணாம்புக் காரை வீட்டின் முன்னால் வண்டி நின்றது. தாத்தாவின் தம்பி மகன் திருப்பதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் பின்னால் அவர் மனைவி கோமதியம்மாள்.

"வா உமா. வெயில்ல வாடிப்போய் வருதியே" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார் திருப்பதி. "காசிப் பெரியப்பா இருந்த ரூமத்தான் உனக்கு ஒழிச்சு வச்சிருக்கோம்."

அறை இருட்டாக இருந்தது. தரையின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. பின்சுவருக்கு அடியில் நுழைந்து, சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கும் புஞ்சைக்குள் அது போய்க்கொண்டிருந்தது.

"கரிசல்ல கட்டின வீடு தாயி" என்றாள் கோமதியம்மாள். "கோடைல விரியும், மழை வந்தா சேந்துக்கிடும். நீ கட்டில்ல படு. பயப்பட ஒண்ணுமில்ல." வாசல் வரை போனவள் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "உச்சிப் பொழுதுல மட்டும் பொறவாசல் கதவத் தொறக்காத, என்ன?"

"ஏன் சித்தி?"

கோமதியம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உமா கட்டிலில் சாய்ந்தாள். வெளியே காக்கைகூடக் கத்தவில்லை. மின்சாரம் போய் விசிறி மெல்ல மெல்ல நின்றது. அந்த அமைதியில்தான் வாசனை வந்தது.

புது மழை விழுந்த மண்ணின் வாசனை.

அவள் எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். வானம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. வாசனை தரையிலிருந்து வந்தது.

கட்டிலுக்கு அடியில் ஏதோ பிறாண்டியது.

எலி என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எலி விட்டுவிட்டுப் பிறாண்டும். இது விடவில்லை. கட்டிக் கிடக்கும் மண்ணை நகத்தால் வழித்து வழித்து எடுப்பதுபோல, சோர்ந்துபோய், மறுபடி தொடங்கி...

அவள் குனிந்து காதை வெடிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

சத்தம் நின்றது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் இருப்பதைக் கவனிப்பதுபோல நின்றது.

உமா அன்று மாலையே ஊருக்குள் போனாள். திருப்பதியின் அக்கா கற்பகம் அங்கே இருந்தாள். எண்பதை நெருங்கிய உடம்பு ஒடுங்கியிருந்தாலும் பேச்சில் தடுமாற்றம் இல்லை. முத்துமாரி காணாமல் போனபோது அவளுக்கு ஏழு வயது.

"அத்தை, அவங்க ஓடிப்போனாங்கன்னு முதல்ல யார் சொன்னது?"

"காசிப் பெரியப்பாதான். வேற யாரு சொல்லுவா? வளையல்காரன் வந்தா அவ சிரிச்சுப் பேசுவா. அது அவியளுக்குப் பிடிக்காது. அவ போனதுக்கப்புறம் அவியளுக்குச் சித்தம் கலங்கிட்டுன்னு ஊரே பேசிச்சு."

"சித்தம் கலங்கி என்ன செஞ்சாங்க?"

"நான்தான மத்தியானக் கஞ்சி கொண்டுபோவேன். வீட்டுக்குப் பின்னால புஞ்சைல, அந்த உச்சி வெயில்ல உக்காந்திருப்பாவ. குடம் குடமா தண்ணி கொண்டாந்து வெடிப்புக்குள்ள ஊத்துவாவ. குடிக்கத் தண்ணியில்லாத வருசம் அது. ஊத்திட்டுக் குனிஞ்சு பேசுவாவ."

"என்ன பேசுவாங்க?"

கற்பகம் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சும்மா கெட... சும்மா கெட... அவ்வளவுதான். பிள்ளைய அதட்டுத மாதிரி."

"கப்பலேறினது எப்போ?"

"டிக்கெட்டு முன்னாலயே வாங்கியாச்சு. கப்பலு போயிட்டு, அவிய போகல. அடுத்த கப்பலும் போயிட்டு. மழை விழட்டும், மழை விழட்டும்னே சொல்லிக்கிட்டு இருந்தாவ. ஒரு நா ராத்திரி நல்ல மழை. புஞ்சைல வெடிப்பெல்லாம் மூடிட்டு. விடியக் கெளம்பிட்டாவ."

உமா யோசித்துக்கொண்டே திரும்பி நடந்தாள். மனைவிக்காகக் காத்திருப்பவன் அவள் போன பாதையைப் பார்த்துத்தான் உட்காருவான். தாத்தா ஏன் மண்ணைப் பார்த்து உட்கார்ந்தார்? வெடிப்பில் தண்ணீர் ஊற்றினால் கரிசல் ஊதும். ஊதினால் வாய் மூடும்.

ஈப்போ வீட்டு முற்றம் அவள் கண்முன் வந்தது. தொடர்ந்து சில நாள் மழை இல்லாவிட்டால் தாத்தா நிலைகொள்ள மாட்டார். மத்தியானத்தில் வாளி வாளியாக முற்றத்து மண்ணில் தண்ணீர் ஊற்றுவார். "மண்ணு காயக் கூடாதும்மா" என்பார். சின்னப் பிள்ளையாக அவளும் தன் குட்டி வாளியில் மொண்டுவந்து அவரோடு சேர்ந்து ஊற்றியிருக்கிறாள். அது அவர்கள் இருவருக்குமான விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் அவள் புறவாசல் கதவைத் திறந்தாள்.

வெயில் வெள்ளைச் சுவராக நின்றது. அறையின் வெடிப்பு சுவருக்கு இந்தப் பக்கம் அகன்று புஞ்சைக்குள் ஓடியது. அதை ஒட்டியே நடந்தாள். சுற்றிலும் உழுத தடம் இருந்தது. ஒரு மூலை மட்டும் எந்தக் காலத்திலும் ஏர் படாததாக, கறுத்து இறுகிக் கிடந்தது. வெடிப்பு அங்கேதான் முடிந்தது. அந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு அகலம்.

மண்வாசனை குப்பென்று வந்தது.

முழங்காலிட்டாள். தரை சுட்டது. வெடிப்பிலிருந்து வந்த காற்று மட்டும் குளிர்ந்திருந்தது.

"முத்துமாரிப் பாட்டி" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, கீழே எங்கோ, ஈரத் துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல்.

"ஊத்தாதிய..."

உமா அசையவில்லை.

"நான் சாவல... உசுரோடதான் கெடக்கேன்... ஊத்தாதிய..."

கெஞ்சல் மூச்சிரைப்பாக மாறியது. மண்கட்டிகளுக்கு இடையில் இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் அடைபடும் மூச்சிரைப்பு. உமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாட்டியை உயிரோடு வெடிப்பில் தள்ளித் தண்ணீர் ஊற்றி மூடியவை, தன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்ட கைகள். சாமி கும்பிடக் கற்றுக்கொடுத்த கைகள்.

கொலைகாரனின் பெயர் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குள் வந்ததும் சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். திருப்பதி குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போறே?"

"உங்களுக்குத் தெரியும் சித்தப்பா."

"எழுவது வருசமாச்சு உமா. செஞ்சவரும் செத்தாச்சு. குடும்பப் பேரு சந்திக்கு வந்திரும். எனக்குப் பேரப் பிள்ளைய இருக்கு."

"அந்த மூலையை ஏன் நீங்க உழறதில்ல?"

அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கய்யா சாகும்போது சொன்னாரு. அங்கன மட்டும் ஏர் வைக்காதன்னு. ஏன்னு நான் கேக்கல." துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "கேக்கவே வேண்டாம்னுதான் இருந்தேன். மத்தியானத்துக்கு மத்தியானம் காதப் பொத்திக்கிட்டே வயசும் போயிட்டு."

"நான் அவர் பேத்தி, சித்தப்பா. நான்தான் தோண்டணும்."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் தொடங்கினாள். கோடைக் கரிசல் கல்லாக இருந்தது. கடப்பாரை பட்டு எகிறியது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வெகுநேரம் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த திருப்பதி, பேசாமல் வந்து அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

அதிகம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு சாண் ஆழத்திலேயே கிடைத்தது.

முதலில் விரல்கள்.

எலும்பு விரல்கள். கிடையாக அல்ல. மேல்நோக்கி, மண்ணைப் பற்றியபடி. மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல்கள் உடையாமல் இருந்தன.

கோமதியம்மாள் புறவாசலில் நின்று கதறினாள். திருப்பதி கடப்பாரையைப் போட்டுவிட்டு, தானே போலீசுக்குப் போன் செய்தார்.

வந்தார்கள். மீதியை அவர்கள் தோண்டி எடுத்தார்கள். பெண்ணின் எலும்புகள் என்றும், பழையவை என்றும் பரிசோதனையில் சொன்னார்கள். கற்பகம் தான் கண்டதையெல்லாம் சொன்னாள். குற்றவாளி ஈப்போவில் எரிந்து சாம்பலாகி வருடங்கள் ஓடிவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஊரில் சிலர் உமாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முத்துமாரியை ஓடுகாலி என்று எழுபது வருடம் பேசிய வாய்கள், அவளைப் பற்றி என்ன பேசுவதென்று தெரியாமல் அடைத்துப்போயிருந்தன. உமா பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். எலும்புகள் கைக்கு வந்ததும் ஊர்ச் சுடுகாட்டில் அவளே கொள்ளி வைத்தாள். பெண் கொள்ளி வைப்பதா என்று யாரும் கேட்கவில்லை.

குழி மூடப்பட்டது. உச்சிப் பொழுதுகள் அமைதியாகக் கழிந்தன. பிறாண்டல் இல்லை, வாசனை இல்லை. கோமதியம்மாள் முதல்முறையாக மதியத்தில் புறவாசலைத் திறந்து துணி காயப்போட்டாள்.

உமா ஈப்போவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் விடியலில் கோடைமழை கொட்டியது. வெடிப்புகளெல்லாம் மூடிக்கொண்டன. அறையின் தரையும் சேர்ந்துகொண்டது. மதியம் வெயில் மறுபடி அடித்தபோது, கடைசியாக ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று உமா கிளம்பினாள். திருப்பதியும் கூட வந்தார். சேறு காலில் அப்பி அப்பி இருவர் நடையும் கனத்தது.

அந்த மூலை மட்டும் காய்ந்து கிடந்தது.

மூடிய குழியின் நடுவே ஒரு வெடிப்பு. நேற்று வரை இல்லாதது. ஒரு துளி மழைகூட அதன்மேல் விழுந்ததாகத் தெரியவில்லை.

"வேண்டாம் உமா. திரும்பிருவோம்" என்றார் திருப்பதி.

அவள் குனிந்தாள்.

உள்ளே மூச்சிரைப்பு. கனத்த, வயதான, ஆண் மூச்சிரைப்பு. கடைசிக் காலத்தில் ஈப்போ ஆஸ்பத்திரியில் கட்டில் அருகே உட்கார்ந்து அவள் இரவெல்லாம் கேட்ட அதே இழுப்பு.

"போதும் முத்துமாரி... ஊத்தாத..."

"தாத்தா?"

"ஊத்தாத..."

அப்போது அவளுக்கு வெகு அருகில் கண்ணாடி வளையல்கள் உரசிக்கொண்டன. குடத்தின் வாயிலிருந்து தண்ணீர் சரிவதுபோல், களக்... களக்... என்று நிதானமாக ஒரு சத்தம்.

உமா சட்டென்று தலையைத் தூக்கினாள்.

புஞ்சையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. திருப்பதி வெறுங்கையோடு வாய் திறந்து நின்றிருந்தார்.

வெடிப்பின் விளிம்பு அவள் கண்ணெதிரே கறுத்து நனைந்தது. ஈரம் பரவப் பரவ மண் ஊதியது.

வெடிப்பு மெல்ல, மிக மெல்ல, மூடிக்கொள்ளத் தொடங்கியது.