மூக்கு ஏன் அரிக்கவில்லை?

யூனிஸுக்குக் காது அரித்தது. ஜெபம் பண்ணும்போது அரித்தது. பெருக்கல் கணக்கு போடும்போது அரித்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதும் அரித்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட என்ன தொல்லை வேண்டும்?

புதுக் கண்ணாடி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அது 1994. பாளையங்கோட்டையில் அவர்கள் போகும் கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டே வகைதான். ஒன்று பிளாஸ்டிக் பிரேம். இன்னொன்று, காதைச் சுற்றி வளைத்து மாட்டும் கம்பி பிரேம்.

முதல் பிளாஸ்டிக் பிரேமின்மேல் யூனிஸ் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதை மொட்டைமாடியில் மறந்து வைத்தாள். அது நாலு நாள் வெயிலில் நெளிந்து, வத்தலோடு வத்தலாகக் கிடந்தது. அதனால் மூன்றாவது, கம்பி.

"காது அரிக்குதுப்பா."

அப்பா பாக்கியசீலன் இயற்பியல் வாத்தியார். "கம்பி வளைஞ்சா நிமித்திக்கிடலாம். பிளாஸ்டிக் ஒடிஞ்சா ஒடிஞ்சதுதான்," என்றார்.

"ஒடியிறதைப் பத்தி யாரு கேட்டா? அரிக்குதுன்னு சொல்லுதேன்!"

அதற்குள் அம்மா பேன்சீப்போடு வந்துவிட்டாள். "அரிக்குதுன்னா பேன்தான். குனிட்டி."

அரை மணி நேரம் சீவியும் ஒரு பேன்கூட விழவில்லை.

"எல்லாம் ஒளிஞ்சிருக்கு," என்றாள் அம்மா.

மறுநாள் வேப்பெண்ணெய் தடவினார்கள். அதற்கடுத்த நாள் சோப்பை மாற்றினார்கள். "அப்பவே பிளாஸ்டிக் வாங்குங்கன்னேன்," என்று அம்மா ஆரம்பிக்க, "மூணாவதையும் உடைக்கவா?" என்று அப்பா கேட்க, வீடு பட்டிமன்றமாகிவிட்டது. அரிக்கிற காது யாருடையது என்பதே இருவருக்கும் மறந்துபோனது. யூனிஸுக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஏனென்றால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகள் பண்டிகை. பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பது யூனிஸ். ஒரு மாதமாகக் காத்திருந்தாள். ஆனால் வியாழக்கிழமை ஒத்திகையில் நான்கு தடவை சொறிந்தாள். ஐந்தாம் தடவை வரி தவறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினாலோ எழுத்தே தெரியவில்லை.

"ஏட்டி, வாசிக்கியா, சொறியுதியா?" என்றார் ஒத்திகை நடத்திய சாரம்மாள் டீச்சர். "சனிக்கிழமையும் இப்படின்னா ஜெசி வாசிக்கட்டும்."

பக்கத்தில் நின்ற ஜெசிக்கு முகமெல்லாம் பல்.

வீட்டுக்கு வந்த யூனிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து முறைத்தாள். காதின் பின்னால் தடவினாள். கம்பி போன வழியெல்லாம் தடித்திருந்தது. மூக்கைத் தடவினாள். அங்கே ஒன்றுமில்லை.

நாள் முழுக்க மூக்கின்மேலும்தானே இது உட்கார்ந்திருக்கிறது! மூக்கு ஏன் அரிக்கவில்லை?

உற்றுப் பார்த்தாள். மூக்கில் படும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. காதில் படும் இடத்தில் வெறும் கம்பி. தன் தோலுக்குக் கம்பிதான் ஆகவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் சொன்னால் பட்டிமன்றம் மறுபடி தொடங்கும். ஞாயிறுக்குள் தீர்ப்பு வராது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேரே பரமசிவன் அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு சாண் வால்டியூப் தாங்க."

சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய் அது.

"முன் சக்கரத்துக்கா, பின் சக்கரத்துக்கா?"

"காதுக்கு."

அண்ணாச்சி அவளையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். குழாயை இரண்டாக வெட்டி, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். யூனிஸ் பைய இழுத்து இழுத்து இரண்டு கம்பியிலும் ஏற்றினாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் பழைய தடிப்பு லேசாகத்தான் நமைச்சல் காட்டியது. யூனிஸ் கையைத் தூக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு எழுத்து பிசகாமல் வாசித்து முடித்தாள். ஜெசிகூட "நல்லா வாசிச்சட்டி," என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் அப்பா கவனித்தார். "இது என்ன, கண்ணாடில வால்டியூபு?"

யூனிஸ் மூக்கையும் காதையும் காட்டி விளக்கினாள்.

"பாத்தீங்களா, கம்பி ஆகாதுன்னு நான் சொல்லல?" என்றாள் அம்மா.

"உள்ள இருக்கது கம்பிதானே!" என்றார் அப்பா.

"ஐயோ!" என்று கத்தினாள் யூனிஸ். "வளையிறதுக்குக் கம்பி, மூக்குக்கு பிளாஸ்டிக், காதுக்கு ரப்பர். போதுமா? சோறு ஆறுது!"

அப்பா தானும் போட்டிருந்த கம்பிக் கண்ணாடியைக் கழற்றினார். காதின் பின்னால் மெல்லத் தடவினார்.

"பன்னெண்டு வருசமா வேர்க்குருன்னுல்லா நெனச்சிக்கிட்டிருக்கேன்," என்றார். "ஏட்டி யூனிஸ், எனக்கும் ஒரு சாண் வாங்கித் தாரியா?"