அடி சேராத நடை

தித்திலியாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"உங்கப்பா என்ன பெரிய ராணுவ வீரரா? சும்மா ஊதுற ஆளு!" என்று அபிசாய் நேற்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி கத்தியிருந்தான். அவள் அப்பா ஃபிஜி ராணுவத்தின் பேண்டில் டிரம்பெட் ஊதுபவர். எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. கடல் உள்வாங்கியதும் பிள்ளைகள் மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு பவளத்திட்டில் சிப்பி பொறுக்கப் போனார்கள். அபிசாயும் வந்திருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயோ, என் கால்!"

பாறை இடுக்கில் அபிசாயின் கணுக்கால் பிசகிவிட்டது. அவனால் நிற்க முடியவில்லை. கரையோ தூரம். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"நல்லா வேணும்" என்றாள் தித்திலியா. ஆனால் உட்கார்ந்திருந்தவனின் மடிவரை அலை வந்ததும் அவனிடம் ஓடினாள்.

"அந்த ரெண்டு மூங்கிலையும் எடுங்க! சுலுவ அவுத்துக் குடுங்க!"

எல்லோரும் கால்சட்டைக்கு மேல் வேட்டிபோலக் கட்டியிருந்த சுலுத் துணிகளை வாங்கி, இரண்டு மூங்கில்களுக்கும் நடுவே தூக்குப்படுக்கையாக இறுக்கிக் கட்டினாள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட, அக்கா?" என்றான் அவள் தம்பி ஜோசேஃபா.

"அப்பா பயிற்சி எடுக்கறதப் பாத்துதான். சண்டை வந்தா பேண்டுக்காரங்க வாத்தியத்தக் கீழ வச்சிட்டு, குண்டு விழுற எடத்துக்கே போய் அடிபட்டவங்கள தூக்கிட்டு வருவாங்க. அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான்!" அபிசாயை முறைத்துக்கொண்டே சொன்னாள்.

நான்கு பேர் தூக்கினார்கள். இடது, வலது என்று பள்ளி அணிவகுப்பைப் போல நடந்தார்கள். துணி ஊஞ்சலாக ஆடியது. அபிசாய் அலறினான்.

"நிறுத்துங்க! ஒண்ணா அடி வச்சா ஆடும். ஆளாளுக்கு மாத்தி வைங்க!" என்றாள் தித்திலியா.

"பேண்டுக்காரர் பொண்ணு சொல்ற பேச்சா இது?" என்று சிரித்தான் ஜோசேஃபா.

"வாய மூடிட்டு நட!"

அடிகள் கலைந்தன. ஆட்டம் நின்றது. தண்ணீர் முழங்காலைத் தொடும்போது கரை வந்துவிட்டது.

மணலில் இறக்கியதும் அபிசாய் எல்லோரையும் பார்த்தான். "நேத்து நான் சொன்னது தப்பு. இவங்கப்பா நெஜமான ராணுவ வீரர்தான்."

"நேத்து கத்துனியே, அந்த அளவுக்குச் சத்தமா சொல்லு!"

அவன் கடற்கரை முழுவதும் கேட்கும்படி கத்தினான். தித்திலியா பெருமூச்சு விட்டாள். அப்புறம்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கால் ரொம்ப வலிக்குதா?"

"அப்பாடா, இப்பவாச்சும் கேட்டியே!"