வாசமிலி நெய்

கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவர்கள் யாரும் நெய்யைத் தொடுவதில்லை. தெளிவுமானி வந்தபின் பெருந்துறையின் பெரிய வீடுகளில் பருப்பைக்கூட வெறுமனே தாளிக்காமல் சாப்பிட்டார்கள். நெய் விற்றே பெயர் வாங்கிய அர்த்தனாரியும் அப்படித்தான்.

தெளிவுமானி ஒரு சிறிய பட்டை. கொழுப்பு மிகுந்த உணவால் மூளையின் நினைவுப் பகுதியில் எவ்வளவு அழற்சி என்பதைப் பிடரியில் ஒட்டினால் காட்டிவிடும். நீலம் என்றால் தெளிவு. சிவந்தால் கையெழுத்து செல்லாது. குடும்ப நிறுவனத்தின் தலைமை, தெளிவாக இருக்கும் அடுத்தவருக்குப் போகும். சென்ற ஆண்டு அர்த்தனாரி தன் சொந்தத் தம்பியை இதை வைத்துத்தான் வெளியேற்றினார். "குடும்பப் பேரக் காப்பாத்தோணுமல்லங்" என்று ஊருக்குச் சொன்னார்.

இன்று அவர் பிடரியில் பட்டை சிவந்தது.

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்."

சோதிக்க வீட்டுக்கு வந்திருந்த அதிகாரி மறுபடி வைத்தார். சிவப்புதான். "உங்களுக்குத் தெரியாம யாராச்சும் கொழுப்பக் குடுத்திருந்தா புகார் எழுதுங்கய்யா. சோதனை ரத்தாயிரும்."

அர்த்தனாரி மகனைப் பார்த்தார். நிதர்சன் தரையைப் பார்த்தான். அவருக்கு எல்லாம் விளங்கியது. பனிமலைப் படைவீரர்களுக்காக அவரே உருவாக்கியது வாசமிலி நெய். நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது. அது அவர் ரசத்தில் கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

எழுதினால் தலைமை நிலைக்கும். மகன் சிறைக்குப் போவான். தம்பி வீட்டில் சிரிப்பார்கள்.

"எங்க ஊட்டுல அப்படியொரு ஈனப்பொறப்பு இல்லீங்," என்றார். முதுகு வளையவில்லை. "அடுத்த ஆளப் பாருங்."

நிதர்சன் அவசரமாக வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் பட்டை சிவந்தது, அப்பாவுடையதைவிட அடர்த்தியாக.

"அதெப்படி? எனக்குத் தனியாத்தானே..." என்றவன் வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாவதாக அவன் மனைவி தாரிகா உட்கார்ந்தாள். நீலம். அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி எழுந்தார். "கொழுப்ப நிறுத்துனா சில வாரத்துல தெளிஞ்சிரும். அப்பறம் மறு சோதனைக்கு எழுதுங்க," என்று சொல்லிப் போனார்.

"எனக்குமா ஊத்துன, புள்ள?" என்றான் நிதர்சன்.

"மாமாவுக்கு ஏன் ஊத்தச் சொன்னீங்கன்னு நான் கேட்டனா? நீங்களும் கேக்காதீங்க."

அர்த்தனாரி மருமகள் பக்கம் திரும்பினார். "உன்னையுமா நான் நம்பக் கூடாது, சாமி?"

"அடுத்த ஆளுன்னா நானும் ஒருத்தின்னு உங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் வந்ததில்லீங்களே. அது நெய்யினால வந்த மறதியில்லீங், மாமா."

மதியம் புதிய தலைமைக்காக நிறுவனத்தார் அனைவரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். தாரிகா மாமனாருக்குத் தன் கையாலேயே சோறு போட்டு மோர் ஊற்றினாள். அவர் மோந்து பார்த்தார். பெருங்காயம் மட்டும் மணத்தது.

சாப்பிடாமல் எழுந்தால் வீட்டு விஷயம் இன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

"ஏனுங் மாமா, கை வெக்கலீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அர்த்தனாரி நிமிர்ந்து உட்கார்ந்து, பிசைந்து, முதல் வாயை எடுத்தார்.