கரக் வேட்டி

'கரக்!'

ஒயிலாட்ட ஒத்திகையின் முதல் குதியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. சலங்கை கட்டிய காலோடு சபரீஷ் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு கைகளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டன.

"டீச்சர், என்ற வேட்டி!"

அவன் கட்டியிருந்தது புது மாடல் ஒட்டு வேட்டி. இடுப்பில் தைத்திருக்கும் பட்டையை இழுத்து ஒட்டினால் போதும். செல்போன் வைக்கப் பைகூட உண்டு! பொங்கல் விழாவுக்கு ஐந்தாம் வகுப்புப் பையன்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்கியிருந்தார்கள். நடந்தால் ராஜா மாதிரி இருந்தது. குதித்தால்தான் வம்பு.

'கரக்! கரக்!' என்று பின்வரிசையிலும் பட்டைகள் பிரிந்தன.

ஆசிப்பின் வேட்டி மட்டும் அசையவில்லை. அது பட்டை கிட்டை இல்லாத சாதா வேட்டி. உக்கடத்தில் இருக்கும் வீட்டில் அவன் சின்ன வயதிலிருந்தே கைலி கட்டுகிறான். கைலியோடு சந்தில் கிரிக்கெட் ஆடுவான், மதில் ஏறுவான். மதில் ஏறியதற்கு, அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான். ஆனால் கைலி அவிழ்ந்ததே இல்லை.

மோகனப்பிரியா டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மேடை ஏற வேண்டும்.

"மேடையில அவுந்துபோச்சுன்னா மானம் போயிரும். எல்லாரும் டிராக் பேன்ட் போட்டுக்குங்க."

"பேன்ட் போட்டுட்டு ஒயிலாட்டமா?"

சபரீஷின் கண் கலங்கிவிட்டது. ஆசிப்புக்கும் மனசு கேட்கவில்லை. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் எழுந்து வந்து பழகிய ஆட்டம் அல்லவா?

"டீச்சர், இந்த வேட்டியவே சுத்திக் கட்டிக்கலாங்க. நான் சொல்லித் தாரேன்."

"இத்தனை பேருக்கா? சரி, நான் போய் பேன்ட் எடுத்துட்டு வாரேன். அதுக்குள்ள முடியலைன்னா பேன்ட்தான்!"

ஆசிப் சபரீஷின் பக்கத்தில் போய் நின்றான். தன் வேட்டியை அவிழ்த்துச் சுற்றிக் காட்டினான், மடித்தான், முனையை இடது பக்கம் செருகினான். சபரீஷின் கை பாதியில் நின்றது.

"என்னடா இந்தப் பக்கம் செருகற? எங்கூட்ல எல்லாரும் வலது பக்கம்தான்."

"எங்கூட்ல இடது பக்கம்."

"ஐயோ! எங்க அப்பாரு முன்வரிசைல உக்காந்திருக்காருடா."

சபரீஷ் தன் தாத்தாவை அப்பாரு என்றுதான் சொல்வான்.

"வேட்டி விசயத்துல ரொம்பக் கறாரு. மாத்திக் கட்டியிருந்தா மேடைக்கே வந்து கேட்டுப்போடுவாரு!"

'அப்படியா!' என்று ஆசிப் முறைத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டு வழக்கம் அவரவருக்கு. அதோடு சபரீஷ் எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவதில் அவனுக்கு விருப்பமும் இல்லை.

"சரி, வலது பக்கமே காட்டறேன்."

காட்டப் பார்த்தான். ஆனால் கை கேட்டால்தானே? இத்தனை வருடம் ஒரு பக்கமே பழகிய விரல்கள் தடுமாறின. வேட்டி சரசரவென்று நழுவியது. பாய்ந்து பிடித்தான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிப்பும் சேர்ந்து சிரித்தான்.

அதற்குள் பேன்ட் மூட்டையோடு டீச்சர் வந்து எதிரே நின்றார். அவர் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும்போதும் அப்படித்தான் எதிரே நிற்பார். அவர் இடது கையைத் தூக்கினால் பையன்கள் வலது கையைத் தூக்குவார்கள்.

ஆசிப்புக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது.

"டீச்சர், ஒரே ஒரு நிமிசங்க! டேய், எல்லாரும் எனக்கு எதிர்ல வந்து நில்லுங்க. வலது இடதுன்னு ஆரும் யோசிக்க வேண்டாம். அதோ அது சன்னல். இது கதவு. நான் கட்டறதைப் பாத்து, சொல்றபடி செய்யுங்க!"

வரிசை கடகடவென்று திரும்பி நின்றது.

"வயித்தை எக்குங்க. கதவுப் பக்கத்து முனையைச் சன்னல் பக்கம் இழுங்க. நல்லா இறுக்கி! இப்ப முனையைச் சுருட்டி, சன்னல் பக்கமே செருகுங்க. ஆச்சா? மூச்சு விடுங்க."

எல்லாரும் புஸ்ஸென்று மூச்சு விட்டார்கள்.

"குதிங்க!"

தொம்மென்று தரை அதிர்ந்தது. சலங்கைச் சத்தம் கேட்டது. 'கரக்' மட்டும் கேட்கவில்லை.

சபரீஷ் குனிந்து பார்த்தான். அவன் வேட்டி வலது பக்கம் செருகியிருந்தது. நிமிர்ந்து ஆசிப்பைப் பார்த்தான். அவனுடையது இடது பக்கம்.

"டேய், எப்பிடிடா?"

"எதிர் எதிரா நின்னோம்ல!"

டீச்சர் பேன்ட் மூட்டையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மேடையில் அன்று அவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. குந்தி ஆடினார்கள், சுழன்றார்கள், குதியோ குதி என்று குதித்தார்கள். ஒரு கைகூட இடுப்புக்குப் போகவில்லை. முன்வரிசையில் விசில் பறந்தது.

ஆட்டம் முடிந்ததும் அப்பாரு செங்கோட்டையன் விரலை நீட்டிப் பேரனைக் கூப்பிட்டார். சபரீஷ் வேட்டியைச் சரிபார்த்துக்கொண்டே போனான். ஆசிப்பும் கூடவே போனான். அப்பாருவின் பார்வை நேராகப் பேரனின் இடுப்புக்குப் போனது.

"ஏங் கண்ணு, இது ஒட்டு வேட்டிதான? இந்தக் குதி குதிச்சும் நின்னுச்சே! ஆரு கட்டிவிட்டது?"

"ஆசிப்புங்க அப்பாரு. எல்லாத்துக்கும் அவன்தான் சொல்லிக் குடுத்தான்."

"அப்படியா! கெட்டிக்காரந்தான்!"

ஆசிப்பைத் தட்டிக்கொடுக்க அப்பாரு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

'கரக்!'

பையன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாருவின் இரண்டு கைகளும் அவருடைய இடுப்பில் இருந்தன.

"அப்பாரு, நீங்களுமா?"

"மெதுவாப் பேசு கண்ணு! உனக்கு வாங்கறப்ப, பை வச்சிருக்குதேன்னு நானும் ஒண்ணு வாங்கிப்போட்டேன்." அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஆசிப்பின் காதருகே குனிந்தார். "அந்தக் கட்டு எனக்குங் கொஞ்சம் காட்டிப்போடு சாமி."

மேடைக்குப் பின்னால் இருந்த அறையின் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஆசிப்பின் குரல் கணீரென்று கேட்டது.

"வயித்தை எக்குங்க தாத்தா. ஆ, அப்படித்தான். இப்பச் சன்னல் பக்கம் இழுங்க!"