ஹெட்டி தூக்கிய கை

ஆல்பியன் தியேட்டருக்குள் நுழைந்ததும் ஹெட்டி அக்ராய்டின் மூக்கில் ஏறியது ஈரக் கம்பளி வாசனைதான். வெளியே காலையிலிருந்து தூறல் விடவில்லை. ஹார்டன்ஷா ஊரில் பாதிப்பேர் நனைந்த கோட்டுகளோடு வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் முனகிக்கொண்டிருந்தன. யாரோ புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை வரிசை நெடுகக் கைமாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானக் காட்சி. அதற்கே திருவிழாக் கூட்டம்.

எல்லோரும் வந்தது தங்களைத் தாங்களே திரையில் பார்ப்பதற்கு. 'அடங்கிய ஊர்' என்ற அந்தப் படம், இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய வருடம் இதே தியேட்டருக்குள் எடுக்கப்பட்டது. கூட்டமாக உட்கார்ந்து நடித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். ஆளுக்கொரு இறைச்சி அப்பத்தைக் கையில் கொடுத்து, இப்படிப் பார், அப்படித் திரும்பு என்றார்கள். கதை என்னவென்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் நகரசபை உறுப்பினர்கள் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். வெளிறிய முகத்தோடு வெளியே வந்து, இந்த ஊர் எல்லைக்குள் அது ஓடக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். வெளியூரில் அந்தப் படத்தைப் பேராசிரியர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நடித்த ஊர் மட்டும் பார்த்ததே இல்லை. இந்த வருடம் பழைய நகரசபை கலைந்து புதியது வந்தது, தடையும் அதோடு போயிற்று. திரைப்படச் சங்கச் செயலாளர் ஆர்மிடேஜ் லண்டனிலிருந்து பிரதியை வரவழைத்துவிட்டார்.

ஹெட்டிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. கூட்டத்தில் அவளை மட்டும்தான் கேமரா கிட்டத்தில் வந்து பிடித்தது. வலது கையை மெதுவாகத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். அவ்வளவுதான் வேடம். அந்தக் கையை அவள் கல்யாணங்களில், கிறிஸ்துமஸ் விருந்துகளில், மதுக்கடையில் எல்லாம் தூக்கிக் காட்டிவிட்டாள்.

"இந்தக் கையத் தூக்குன கதையக் கேட்டுக் கேட்டே என் காது தேஞ்சு போச்சு. இன்னிக்கிப் பாத்தே தொலைக்கிறேன்" என்றான் பக்கத்தில் இருந்த வில்ஃப், அவள் கணவன்.

"புறாப் பந்தயந்தான் பெருசுன்னு போன ஆளு நீ. பேசாத. நீ வந்திருந்தா என் பக்கத்துல ஒக்காந்திருப்ப."

உண்மைதான். அப்போது அவர்கள் காதலித்துக்கொண்டிருந்த காலம். படப்பிடிப்பன்று அவளுக்குப் பக்கத்து இருக்கை வில்ஃபுக்கு என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆள் வரவில்லை. கண்ணாடி போட்ட வெளிநாட்டு இயக்குநர் வேறு யாரையும் அங்கே உட்கார விடவில்லை, காலியாகவே இருக்கட்டும் என்றுவிட்டார். அந்த அவமானத்தைச் சொல்லிச் சொல்லியே ஹெட்டி அவனை இத்தனை காலம் ஆட்டிவைத்திருந்தாள். பிள்ளை குட்டி இல்லை அவர்களுக்கு. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். இப்போதும் அவன் கை அவள் மடியில்தான் இருந்தது.

விளக்கு அணைந்தது.

முதலில் ஒரே சிரிப்பு. "அந்தா பாரு நம்ம மேவிஸ், அப்ப என்ன இடுப்பு!" என்று பின்னாலிருந்து ஒருவர். ஹெட்டிக்கு மறுபக்கம் இருந்த மேவிஸ் திரும்பி முறைத்தாள். அடுத்த நொடியே திரையில் அவளுடைய அண்ணன் டொனால்ட் தொப்பியோடு கடந்து போனான். போருக்குப் போய்த் திரும்பாதவன். மேவிஸ் கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் சிரிப்பு குறைந்தது.

கதை எளிமையானதுதான். ஓர் ஊர். மாலையானால் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் மண்டபத்துக்கு வந்து உட்கார வேண்டும். நீளமான கோட்டுப் போட்ட ஒருவன் டார்ச் விளக்கோடு வரிசைகளுக்கு நடுவே நடப்பான். வெளிச்சம் யார்மேல் விழுகிறதோ அவர் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவார். எங்கே என்று அவரும் கேட்கமாட்டார், மற்றவர்களும் கேட்கமாட்டார்கள். அடி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு கூச்சல்கூட இல்லை. அந்த மரியாதையான அமைதி மட்டும்தான். தன் ஊர் முகங்களில் அந்த அமைதி எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று பார்க்கப் பார்க்க அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

மண்டபச் சுவரில் ஒரு விதி எழுதியிருந்தது. கேமரா அதன்மேல் நின்றது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் கை தூக்கவும். பக்கத்தில் இருப்பவர் அழைக்காமல் எழுந்தால் கை தூக்கவும்.

அடுத்தது அவள் முகம். பத்தொன்பது வயது ஹெட்டி, திரை கொள்ளாமல்.

கை மெதுவாக மேலே போயிற்று.

இத்தனை வருடமாக எதைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வராதவனைக் காட்டிக்கொடுக்கும் கை அது. அவள் வில்ஃபின் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

டார்ச்சுக்காரன் அந்தக் காலி இருக்கையின் அருகே வந்து நின்றான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

அப்புறம் கேமராவைத் தாண்டிப் பார்த்தான்.

வெளிச்சம் திரையை விட்டு வெளியே வந்தது.

தூசி மிதக்கும் ஒரு நீள வெளிச்சம். முன்வரிசைத் தலைகள்மேல் நகர்ந்தது. யார்மேல் படுகிறதோ அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வருவதுபோல் பினாயில் நெடி அடித்தது.

வெளிச்சம் வில்ஃபின் முகத்தில் நின்றது.

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். முகத்தில் பயமே இல்லை. வெகு நாட்கள் தள்ளிப்போட்ட ஒரு வேலையை முடிக்கப் போகிறவனைப்போல் இருந்தான்.

"மன்னிச்சுக்க கண்ணு" என்றான் தாழ்ந்த குரலில். "கொஞ்சம் வழி விடு."

ஹெட்டி முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த ஊர்ப் பழக்கம் அது. வரிசை நடுவிலிருந்து ஒருவர் எழுந்தால் முழங்காலை இழுத்துக்கொண்டு, பரவாயில்லை, போங்க என்று சொல்ல வேண்டும். எங்கே என்று கேட்பது மரியாதை இல்லை. கூரை தீப்பிடித்து எரிந்தாலும் அவர்கள் அப்படித்தான் வழி விடுவார்கள். அவளுக்கு அடுத்து மேவிஸ் இழுத்துக்கொண்டாள், அதற்கடுத்தவர் இழுத்துக்கொண்டார். வில்ஃப் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டபடியே நடைபாதைக்குப் போய்ச் சேர்ந்தான். வெளிச்சம் அவனை முன்னால் அழைத்துப் போயிற்று.

அவள் அவன் கோட்டைப் பிடித்து இழுத்திருக்கலாம். கத்தியிருக்கலாம். வழி விட்டாள்.

திரையில் மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்பு வெள்ளையில், இளம் ஹெட்டியின் பக்கத்து இருக்கையில், அவள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரோடு வில்ஃப் உட்கார்ந்திருந்தான். நரைத்த தலை. சுற்றிலும் இளவட்டங்கள். படம் முடிந்தது.

விளக்கு வந்ததும் கைதட்டினார்கள். ஹெட்டி பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.

வில்ஃப் எங்கே என்று மேவிஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மேவிஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வில்ஃபா? பாத்தியே, படத்துல. நல்லாதான் இருந்தான் பாவம். அதுக்கப்புறம் அவன யாரு கண்டா?" ஹெட்டியின் கன்னத்தைத் தடவினாள். "நீயும் அதுக்குப் பெறகு யாரையும் கட்டிக்கலையே ஹெட்டி."

ஹெட்டி கூட்டத்தை இடித்துக்கொண்டு படிக்கட்டேறிப் படமோட்டும் அறைக்குப் போனாள். ஆர்மிடேஜ் சுருளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுருளை மறுபடி போடச் சொல்லி அழுதாள். அவர் நல்ல மனிதர். அழுகிற பெண்ணிடம் காரணம் கேட்க அவருக்கும் கூச்சம். தலையாட்டிவிட்டுப் போட்டார்.

காலித் தியேட்டரில் அவள் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

அவன் இருந்தான். இந்த முறை தொடக்கத்திலிருந்தே அந்த இருக்கையில் இருந்தான். பக்கத்தில் இருந்த பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்து, பழைய நாட்களின் அந்தச் சிரிப்பைச் சிரித்தான். அவளுக்கு இவன் யாரென்றே தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வில்ஃப்" என்றாள் ஹெட்டி. "நாந்தான். கேக்குதா? வீட்டுக்குப் போலாம்."

அவன் தலை நிமிர்ந்தது. கண்கள் தேடின.

கேட்டுவிட்டது. எத்தனை வருடப் பழக்கம். சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டால் பாதிப் பேப்பரில் எழுந்து வருகிறவன் அவன். இப்போதும் அப்படித்தான் செய்தான்.

எழுந்து நின்றான்.

"வேண்டாம்" என்றாள் ஹெட்டி. "ஒக்காரு. வில்ஃப், ஒக்காரு."

பக்கத்திலிருந்த பெண் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பார்த்தபடி, சொல்லிக் கொடுத்தபடி, மெதுவாக வலது கையைத் தூக்கினாள்.

டார்ச்சுக்காரன் வந்தான். வில்ஃப் அவனிடமும் மன்னிப்புக் கேட்டான். பக்கவாட்டுக் கதவு திறந்தது. உள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கதவு மூடியது.

ஹெட்டி திரைத் துணியைக் கையால் அடித்தாள். அது ஆடியது. பின்னால் செங்கல் சுவர்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றாளோ, ஆர்மிடேஜ் வந்து அவளுக்குக் கோட்டைப் போர்த்திவிட்டு, பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். வழியெல்லாம் படத்தைப் பற்றியே பேசினார். அடுத்த வாரம் லீட்ஸ், அப்புறம் மான்செஸ்டர், எல்லா ஊரிலும் கேட்கிறார்களாம். கடைசிக் காட்சியில் அந்த ஒற்றைக் காலி இருக்கை இருக்கிறதே, அதுதான் படத்தின் உயிரே என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணீர் நின்றுவிட்டிருந்தது. அவனை நினைக்க முயன்றாள். ஸ்வெட்டர் நினைவில் இருந்தது, நிறம் மறந்துவிட்டது.

சந்தை நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் காய்கறிப் பையோடு ஏறி அவள் பக்கத்தில் அமர்ந்தாள். மழையைத் திட்டிவிட்டுச் சிரித்தாள். ஒரு மிட்டாய் நீட்டினாள்.

"எடுத்துக்கங்க. முகம் வாடிக் கெடக்கு. ஒடம்பு சரியில்லையா?"

ஹெட்டி மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் அதை அழுத்திப் பிடித்தாள். பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

கை மெதுவாக மேலே போயிற்று.

பினாயில் நெடி அடித்தது. பேருந்தின் பின்பக்கம் யாரோ டார்ச்சைத் தட்டி எரியவிட்டார்கள். இளம்பெண் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மன்னிச்சுக்கங்க என்றாள்.